பத்து சென்டியா, இரண்டரையா: தேயிலை டிரஃபுக்கு எந்த மெஷ்?

"எத்தனாம் நம்பர் மெஷ் போடப் போறீங்க தம்பி?"

டீ மேக்கர் அண்ணன் கேட்டது நியாயமான கேள்விதான். அவர் ஃபேக்டரியில் மெஷ் என்றால் சலிப்பு மெஷினில் பூட்டும் கம்பிச் சல்லடை. ஓர் அங்குலத்துக்கு எத்தனை கண் என்பதுதான் நம்பர். நம்பர் ஏற ஏறக் கண் சிறுத்துக்கொண்டே போகும். நான் லேப்டாப்பைத் திறந்தபடி, "முதல்ல பத்து சென்டிமீட்டர் மெஷ் போட்டுப் பாக்கலாம்ணா" என்றேன். அவர் லேப்டாப்பை ஒரு தரம், என்னை ஒரு தரம் பார்த்தார். "பத்து சென்டியா? அதுல பூனையே நுழைஞ்சு போயிருமே."

பூனை போனதோ இல்லையோ, காற்று போய்விட்டது. அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் நடுவே, சிறு விவசாயிகளிடம் பச்சை இலை வாங்கித் தூளாக்கும் ஃபேக்டரி அது. பறித்த இலையில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். அதைக் கொஞ்சம் இறக்கி இலையைத் துவள வைத்த பிறகே அரவைக்கு அனுப்ப முடியும். அதற்குப் பெயர் வாட்டம். வாட்டுவது டிரஃபில். 30 மீட்டர் நீளம், 1.8 மீட்டர் அகலம், மேலே கம்பி வலை, வலைமேல் சுமார் 20 சென்டிமீட்டர் கனத்துக்கு இலை. வலைக்கு அடியில் 1.2 மீட்டர் உயரத்துக்கு வெற்று அறை. ஒரு தலைமாட்டில் 1.2 மீட்டர் விட்ட ஃபேன் ராத்திரி முழுக்க அந்த அடியறைக்குள் காற்றைத் தள்ளும். காற்று இலையைத் துளைத்துக்கொண்டு மேலே வரும். (கணக்குப் போட்டுப் பார்க்க வசதியாக அளவுகளையும் முடிவுகளையும் முழு எண்ணுக்குப் பக்கமாக நகர்த்தியிருக்கிறேன்.)

புகார் பழையது. ஃபேனை ஒட்டிய முதல் மூன்று மீட்டரில் இலை விடியும்போதும் பச்சென்று கிடக்கிறது, கடைசி மூலையில் சருகாகிவிடுகிறது. இரண்டையும் கலந்து அரைத்தால் தூளின் தரம் போகும். முதலாளி முன் இரண்டு யோசனைகள் இருந்தன. ஒன்று, அடியறையின் தரையை ஃபேன் பக்கத்திலிருந்து கடைசி வரை சரிவாக உயர்த்தி சிமென்ட் பூசுவது. இன்னொன்று, ஃபேன் வாய்க்குச் சற்றுத் தள்ளி ஒரு பிளைவுட் தடுப்பைச் சாய்த்து வைத்துக் காற்றை மேல்நோக்கித் திருப்புவது. பிளைவுட் என்றால் அரைநாள் வேலை. சிமென்ட் என்றால் டிரஃபை நிறுத்த வேண்டும். மழை தொடங்கி நனைந்த இலை ஏறுவதற்குள் ஏதாவது ஒன்றுதான் செய்வேன் என்றார்.

எது நல்லது என்று சிஎஃப்டியில், அதாவது காற்றோட்டத்தைக் கம்ப்யூட்டரில் கணக்கிடும் முறையில், பார்த்துச் சொல்வது என் வேலை. அங்கே மெஷ் என்றால் சல்லடை இல்லை, காற்று ஓடும் இடத்தைக் கணக்குக்காகச் சின்னப் பெட்டிகளாக வெட்டும் வலை. அதற்கு முன்னால் எந்த மெஷ் என்ற என் சொந்தத் தலைவலி. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

ஃபேன் பக்கத்து இலைக்கு ஏன் காற்று குறைகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மெஷ் எங்கே பொடியாக வேண்டும் என்பது அதிலிருந்துதான் வரும். விநாடிக்கு 13.5 கனமீட்டர் காற்று உள்ளே போகிறது. இலைப் பரப்பு 54 சதுர மீட்டர். சமமாகப் பிரிந்தால் ஒவ்வோர் இடத்திலும் விநாடிக்கு 0.25 மீட்டர் வேகத்தில் மேலே வர வேண்டும். ஆனால் ஃபேன் வாயில் அதே காற்று விநாடிக்கு 12 மீட்டர் வேகத்தில் பாய்கிறது. வேகமாக ஓடும் இடத்தில் பக்கவாட்டில் அழுத்தம் குறைவு. போகப் போகக் காற்று மேலே கசிந்து வேகம் தணியும், தணியத் தணிய அந்த வேகம் அழுத்தமாக மாறும். கடைசி மூலையில் அழுத்தம் அதிகம், அங்கே இலை காய்கிறது. தரையைச் சரித்து அறையைக் குறுக்கிக்கொண்டே போனால் காற்று குறையும் அளவுக்கு வழியும் குறையும். வேகம் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும், அழுத்தமும் சமமாகும். தத்துவத்தில் சரிவுத் தரைதான் ஜெயிக்க வேண்டும். ஆனால் ஃபேன் தாரை தத்துவப்படி ஓடாது. அது தரையை ஒட்டிக்கொள்ளும், சுவரில் மோதும், தன்னோடு பக்கத்துக் காற்றையும் இழுத்துக்கொண்டு போகும். அதற்குத்தான் சிமுலேஷன்.

பாதியாக்கினால் எட்டு மடங்கு

மாதிரியில் அடியறை, இலை, இலைக்கு மேலே அரை மீட்டர் வெளி எல்லாம் சேர்த்து 30 × 1.8 × 1.9, அதாவது 102.6 கனமீட்டர். இதைச் சின்னச் சின்னப் பெட்டிகளாக வெட்ட வேண்டும். பெட்டியின் பக்கம் 10 சென்டிமீட்டர் என்றால் சுமார் 1.03 லட்சம் கட்டங்கள். 5 சென்டிமீட்டர் என்றால் 8.2 லட்சம். 2.5 என்றால் 65.7 லட்சம். இன்னொரு முறை பாதியாக்கி 1.25-க்குப் போனால் 5.25 கோடி.

பக்கத்தைப் பாதியாக்கும் ஒவ்வொரு தடவையும் எட்டு மடங்கு. இதைத் தெரிந்தவர்களும் ஒவ்வொரு தடவையும் ஏமாறுகிறோம். கணக்கு எட்டோடு நிற்பதுமில்லை. காலத்தோடு மாறும் ஓட்டத்தைக் கணக்கிட்டால், ஒரு காலப்படிக்குள் காற்று ஒரு கட்டத்தைத் தாண்டக் கூடாது என்ற கட்டுப்பாடு வரும். கூரண்ட், ஃபிரிட்ரிக்ஸ், லெவி என்ற மூவர் 1928-இல் சொன்னது. விநாடிக்கு 12 மீட்டர் ஓடும் காற்று 10 சென்டிமீட்டர் கட்டத்தைக் கடக்க 0.008 விநாடி, 2.5 சென்டிமீட்டரைக் கடக்க 0.002 விநாடி. கட்டம் சிறுத்தால் காலப்படியும் சிறுக்கும். ஆக ஒரு பாதிக்குப் பதினாறு மடங்கு. பத்திலிருந்து இரண்டரைக்கு வந்தால் 256 மடங்கு வேலை. வாட்டம் நிதானமாக நடக்கும் காரியம் என்பதால் நான் நிலைத்த ஓட்டமாகவே கணக்கிட்டேன், இந்தப் பதினாறிலிருந்து தப்பினேன். ஆனாலும் பொடி மெஷில் அழுத்தச் செய்தி ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குப் போய்ச் சேரக் கூடுதல் சுற்றுகள் பிடிக்கும். பருமனான மெஷ்களையும் துணைக்கு வைத்துத் தீர்க்கும் மல்டிகிரிட் தீர்வி அதைப் பெருமளவு தணிக்கும், ஒரேயடியாக ஒழிக்காது.

நினைவகத்துக்கு நான் வைத்திருக்கும் கைக்கணக்கு பத்து லட்சம் கட்டத்துக்கு ஒரு ஜிபி, ஒன்றரை ஜிபி. என் லேப்டாப்பில் 16 ஜிபி. 65 லட்சம் வரை மூச்சு முட்டி ஏறும். 5 கோடி என்ற பேச்சே கிடையாது.

ஆக என் முன் இருந்தவை நான்கு வழிகள். ஒன்று, 10 சென்டிமீட்டர் மெஷ். டீ ஆறுவதற்குள் விடை. இரண்டு, 5 சென்டிமீட்டர். இரண்டு மூன்று மணி நேரம். மூன்று, 2.5 சென்டிமீட்டர், ஒரு பகலும் ஓர் இரவும், நடுவே கரன்ட் போனால் இன்னொரு இரவு. இல்லையென்றால் வாடகைக் கம்ப்யூட்டர். நான்கு, எல்லா இடத்திலும் ஒரே அளவு வேண்டாம், வேண்டிய இடத்தில் மட்டும் பொடியாக்கு என்பது.

பருமெஷ் சொன்ன பொய்

பத்து சென்டிமீட்டரில் ஓட்டியபோது படம் அழகாக வந்தது. அதுதான் ஆபத்து. ஃபேனிலிருந்து புறப்பட்ட தாரை இரண்டே மீட்டரில் விரிந்து அறை முழுக்க நிறைந்து, சாதுவாக நடந்து போனது. முதல் மூன்று மீட்டரில் இலை வழியே வரும் சராசரி வேகம் 0.21 என்று காட்டியது. சராசரி 0.25 இருக்க வேண்டிய இடத்தில் 0.21 என்றால் பெரிய குறையில்லையே! முதலாளியிடம் காட்டினால், "அப்ப இலை பரப்புற ஆளைத்தான் மாத்தணும்" என்று சொல்லியிருப்பார்.

காரணம் இதுதான். ஃபேனின் விட்டத்துக்குக் குறுக்கே பன்னிரண்டே கட்டங்கள். தாரையின் ஓரத்தில் வேகம் 12-இலிருந்து பூஜ்யத்துக்கு விழும் அந்த மெல்லிய பட்டைக்கு ஒரு கட்டம், மிஞ்சினால் இரண்டு. ஒரு கட்டத்துக்குள் ஒரே வேகம்தான் எழுத முடியும். கூர்மையான ஓரம் மழுங்கிப்போகும். முதல் ஓட்டத்தில் நான் சோம்பலுக்கு முதல்வரிசை அப்விண்ட் முறையை (காற்று வரும் பக்கத்துக் கட்டத்தின் மதிப்பை அப்படியே எடுத்துக்கொள்வது) வைத்திருந்தேன். அதில் காற்று மெஷ் கோடுகளுக்குச் சாய்வாக ஓடும் இடமெல்லாம், வேகத்தைக் கட்டத்தின் அளவால் பெருக்கிப் பாதியாக்கினால் வரும் அளவுக்கு ஒரு பொய்ப் பிசுக்கு சேர்ந்துகொள்ளும். இங்கே 12 × 0.1 ÷ 2 = 0.6. காற்றின் சொந்தப் பிசுக்கைவிட இது முப்பதாயிரம் மடங்கு. கொந்தளிப்பும் இயல்பாகவே பிசுக்கைப் பல்லாயிரம் மடங்கு கூட்டும் என்பது உண்மைதான். ஆனால் இந்தத் தாரைக்கு அதையும் மிஞ்சுகிற அளவில் இருந்தது என் மெஷ் போட்ட பிசுக்கு. காற்றுக்குப் பதில் கஞ்சியை ஊதியிருக்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மதிப்பு கட்டத்துக்குக் கட்டம் மாறும் விதத்தையும் சேர்த்துக்கொள்ளும் இரண்டாம்வரிசை முறைக்கு மாற்றினால் இந்த நோய் வெகுவாகக் குறையும். மெஷை எட்டு மடங்காக்குவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை இது, காசும் செலவில்லை. நான் மேலே தந்த 0.21, இனித் தரப்போகிற எண்கள் எல்லாமே மாற்றிய பிறகு வந்தவை. அப்படியும் பத்து சென்டிமீட்டர் 0.21-தான் சொன்னது. பன்னிரண்டு கட்டம் பன்னிரண்டு கட்டம்தான்.

5 சென்டிமீட்டரில் 0.17. 2.5-இல் 0.155. காற்று உண்மையிலேயே குறைகிறது, டீ மேக்கர் அண்ணன் சொன்னபடி.

இந்த மூன்று எண்களை வைத்து நான்காவதை ஊகிக்கும் வித்தை ஒன்று உண்டு. ரிச்சர்ட்சன் என்ற ஆங்கிலேயர் 1911-இல் வெளியான, ஓர் அணைச் சுவரின் தகைவுகளைப் பற்றிய ஆய்வில் கையாண்ட யோசனை. முதல் பாதியாக்கலில் விடை 0.04 நகர்ந்தது, இரண்டாவதில் 0.015. விகிதம் 2.67. அதன் மடக்கையை 2-இன் மடக்கையால் வகுத்தால் 1.4; பிழை குறையும் படிநிலை அது. இரண்டாம்வரிசை முறை என்று சொல்லிக்கொண்டு 1.4 வந்தால் வெட்கப்பட வேண்டியதில்லை, சுவரும் தாரையோரமும் உள்ள ஓட்டத்தில் அப்படித்தான் வரும். கட்டம் எல்லையில்லாமல் சிறுத்தால் விடை எங்கே போய் நிற்கும் என்றால், 0.155-இலிருந்து 0.009 (0.015-ஐ 1.67-ஆல் வகுத்தது) கழித்து, சுமார் 0.146. ரோச் என்பவர் 1994-இல் வகுத்த, மெஷால் வரும் ஐயத்தை அளக்கும் ஜிசிஐ கணக்குப்படி 1.25 என்ற பாதுகாப்புக் காரணியையும் போட்டால் 2.5 சென்டிமீட்டர் விடையில் மெஷால் வரும் ஐயம் சுமார் 7 சதவீதம்.

இதில் நான் வீணாக்கிய ஒன்றைச் சொல்ல வேண்டும். மூன்று மெஷ் என்றதும் ஒவ்வொரு தடவையும் பாதியாக்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். தேவையில்லை. அடுத்தடுத்த மெஷ்களுக்கு இடையே 1.3 மடங்குக்குக் குறையாத இடைவெளி இருந்தால் போதும் என்பது நடைமுறை. 7.5, 5, 3.33 சென்டிமீட்டர் என்று 1.5 மடங்கில் போயிருந்தால் 2.4 லட்சம், 8.2 லட்சம், 27.7 லட்சம் கட்டங்களோடு வேலை முடிந்திருக்கும். மூன்றும் லேப்டாப்பிலேயே, கரன்ட் இருக்கும் ஒரே நாளில்.

முப்பது கிலோமீட்டர் டிரஃப்

மெஷ் அளவு என்றாலே பொடியா பருமனா என்றுதான் பேசுகிறோம். அளவில் இன்னொரு விதமும் இருக்கிறது, அது என்னை ஓர் இரவு தூங்கவிடவில்லை. டிரஃபை மில்லிமீட்டரில் வரைந்து, வடிவத்தைச் சேமிக்கும் எஸ்டிஎல் கோப்பாக எடுத்தேன். எஸ்டிஎல்லில் அலகு என்று எதுவும் எழுதியிராது, வெறும் எண்கள். நான் ஓட்டும் சிஎஃப்டி மென்பொருளான ஓப்பன்ஃபோம் எல்லாவற்றையும் மீட்டராகவே படிக்கும். 30,000 மில்லிமீட்டர் 30,000 மீட்டர் ஆயிற்று. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரும் ரயில்பாதையே அவ்வளவு நீளமில்லை!

விந்தை என்னவென்றால் அது ஓடும். கட்டங்களின் எண்ணிக்கை அதேதான், வடிவமும் அதேதான், படத்தில் வித்தியாசம் தெரியாது. வேகம், அளவு, பிசுக்கு மூன்றையும் சேர்த்து ஓட்டத்தின் தன்மையைச் சொல்லும் ரெனால்ட்ஸ் எண் ஆயிரம் மடங்கு ஏறியிருக்கும். இலையின் தடை மீட்டருக்கு இவ்வளவு என்று கொடுத்திருப்பதால் 20 சென்டிமீட்டர் இலை 200 மீட்டர் இலையாகி அழுத்தம் வானத்துக்குப் போகும். அதைப் பார்த்துத்தான் எனக்குச் சந்தேகம் வந்தது. இப்போது மெஷ் செய்ததும் முதலில் அதைச் சரிபார்க்கும் செக்மெஷ் கட்டளையை ஓட்டி, எல்லைப்பெட்டி என்று அது அச்சிடும் வரியை மட்டும் சத்தமாகப் படிக்கிறேன். முப்பது, ஒன்று புள்ளி எட்டு, ஒன்று புள்ளி ஒன்பது. வீட்டில் ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள்.

சுவரோரம்

பொடியாக்கினால் எல்லாம் நல்லதே என்ற நம்பிக்கை சுவரோரத்தில் உடையும். சுவரை ஒட்டிய முதல் கட்டத்தின் நடுப்புள்ளி சுவரிலிருந்து எவ்வளவு தூரம் என்பதை, அங்குள்ள காற்றின் வேகத்தையும் பிசுக்கையும் சேர்த்து, ஒய்-பிளஸ் என்ற எண்ணால் அளக்கிறோம். சுவரோர ஓட்டத்தை நேரடியாகக் கணக்கிடாமல் சூத்திரத்தால் நிரப்பும் சுவர்ச் சார்புகளை நம்பி ஓட்டினால் அது 30-க்கும் 300-க்கும் நடுவில் இருக்க வேண்டும். ஃபேன் பக்கம் தரையை ஒட்டி விநாடிக்கு 8 மீட்டர் என்று வைத்தால், பத்து சென்டிமீட்டர் மெஷில் ஒய்-பிளஸ் ஏறக்குறைய 950. ஐந்தில் 475. இரண்டரையில் 240. ஆக இரண்டரைக்கு வந்த பிறகுதான் உள்ளே நுழைகிறோம்.

ஆனால் அதே மெஷில் கடைசி மூலைக்குப் போனால் காற்று விநாடிக்கு ஒரு மீட்டர்கூட இல்லை. அங்கே ஒய்-பிளஸ் 30-க்குப் பக்கத்தில் தொங்கும். இன்னும் ஒரு படி பொடியாக்கினால் 15-க்கு இறங்கி, சுவர்ச் சார்பும் செல்லாத, நேரடிக் கணக்கும் செல்லாத நடுவாந்திரத்தில் மாட்டும். அதிகச் செலவு செய்து மோசமான விடை வாங்குவதற்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. எங்கள் டிரஃபில் கடைசி மூலையில் காற்று மெதுவாகப் போவதால் சுவர் உராய்வுக்கு அங்கே பெரிய வேலையில்லை, தப்பினோம்.

இரண்டு யோசனை, மூன்று மெஷ்

இனி முதலாளியின் கேள்வி. சிமென்ட்டா, பிளைவுட்டா?

ஒரு வாதம் உண்டு, நானே பல இடங்களில் சொல்லியிருக்கிறேன். நமக்கு வேண்டியது துல்லியமான எண் இல்லை, இரண்டில் எது நல்லது என்பதுதான். இரண்டையும் ஒரே பருமெஷில் ஓட்டினால் பிழையும் இரண்டிலும் ஒரே மாதிரி இருக்கும், கழித்தால் போய்விடும். தராசு சரியில்லை என்றாலும் இரண்டு மூட்டையில் எது கனம் என்று சொல்லிவிடலாமே, அப்படி.

இலை எடை போடும் தராசுக்கு அது சரி. மெஷுக்கு எப்போதும் சரியில்லை. பத்து சென்டிமீட்டரில் இரண்டையும் ஓட்டினேன், பிளைவுட் ஜெயித்தது. முதல் மூன்று மீட்டருக்குக் காற்று நன்றாக ஏறியது, பின்னால் எந்தக் குறையும் தெரியவில்லை. இரண்டரையில் ஓட்டினேன், கதை மாறியது. தடுப்பின் விளிம்பில் மோதிய தாரை பிய்ந்து எழும்ப, தடுப்புக்கு முதுகுப் பக்கம் ஒரு சுழல் உட்கார்ந்துகொண்டது. அந்தச் சுழலுக்கு மேலே இருக்கும் இலைக்குக் காற்று ஏறக்குறைய இல்லை. பச்சை இலை முதல் மூன்று மீட்டரிலிருந்து நகர்ந்து நான்காவது ஐந்தாவது மீட்டரில் குடியேறியதுதான் மிச்சம். 60 சென்டிமீட்டர் உயரத் தடுப்புக்குப் பருமெஷில் ஆறே கட்டம். விளிம்பில் பிய்வது அதற்குத் தெரியவே தெரியாது, சுழலைக் கஞ்சி போட்டு நிரப்பிவிட்டது.

சரிவுத் தரையில் அப்படிப்பட்ட கூர்விளிம்பு எதுவும் கிடையாது. அதனால் மூன்று மெஷ்களும் அதைப் பற்றி ஏறக்குறைய ஒரே மாதிரி பேசின. பருமெஷின் பிழை ஒரு வடிவத்துக்குச் சாதகமாகவும் இன்னொன்றுக்குப் பட்டும்படாமலும் இருந்தது. கழித்தால் எப்படிப் போகும்? பிய்தல், சுழல், கூர்விளிம்பு இவற்றில் ஒன்று ஒரு யோசனையில் மட்டும் இருந்தால் "ஒப்பிடத்தானே, பருமெஷ் போதும்" என்ற வாதத்தைக் கேட்காதீர்கள். இரண்டு சரிவுகளை, இரண்டு ஃபேன் வேகங்களை ஒப்பிடுவதென்றால் தாராளமாகக் கேட்கலாம்.

ஐந்து சென்டிமீட்டர் நடுநிலை வகித்தது. சுழலைக் காட்டியது, ஆனால் சின்னதாக. இரண்டு யோசனைகளும் சமம்போலத் தெரிந்தன. நடுத்தர மெஷ் தந்த விடையை வைத்து நான் எதையும் முடிவு செய்திருக்க மாட்டேன்.

வேண்டிய இடத்தில் மட்டும்

நான் தேர்ந்தது நான்காவது வழி. அடிப்படைக் கட்டம் 10 சென்டிமீட்டர். அடியறையின் முதல் நாலரை மீட்டரில் மட்டும் 2.5. இலையையும் அதன் மேல்கீழ் ஓரத்தையும் சேர்த்து 30 சென்டிமீட்டர் பட்டையில் 5. கணக்குப் போட்டால் முதல் பகுதிக்கு 6.2 லட்சம், இலைப்பட்டைக்கு 1.3 லட்சம், மீதி எல்லாவற்றுக்கும் வெறும் 77 ஆயிரம். மொத்தம் 8.3 லட்சம். எல்லா இடத்திலும் 5 சென்டிமீட்டர் போட்டால் வரும் அதே எண்ணிக்கை! அதே இரண்டு மூன்று மணி நேரம், அதே நினைவகம். ஆனால் தாரைக்குக் குறுக்கே 48 கட்டம். விடை 0.158 வந்தது, முழு 2.5 மெஷ் சொன்ன 0.155-க்கு அருகில்.

இதற்கும் விலை உண்டு. ஓப்பன்ஃபோமில் மெஷ் போடும் கருவியான ஸ்னாப்பிஹெக்ஸ்மெஷ் ஒவ்வொரு படியிலும் கட்டத்தைப் பாதியாக்கும். பொடியும் பருமனும் சந்திக்கும் கோட்டில் ஒரு கட்டத்துக்கு எதிரே நான்கு சின்ன முகங்கள் நிற்கும், அங்கே பிழை முளைக்கும். அந்தக் கோடு சண்டை நடக்கும் இடத்தில் விழக் கூடாது. முதலில் நான் மூன்று மீட்டரில் நிறுத்தியிருந்தேன். பிளைவுட்டின் சுழல் சரியாக அங்கேதான் முடிகிறது, பாதி பொடியிலும் பாதி பருமனிலும். அதனால்தான் நாலரை. எங்கே பொடியாக்க வேண்டும் என்பது விடை ஓரளவு தெரிந்த பிறகே தெரியும் என்பது இந்த வழியின் உண்மையான குறை. பருமெஷில் ஒரு தடவை ஓட்டிப் பார்த்ததற்கு அந்த ஒரு பயன் உண்டு. அது தந்த எண்ணைத் தூக்கிப்போட்டுவிட்டுப் படத்தை மட்டும் வைத்துக்கொண்டேன்.

வாடகைக் கம்ப்யூட்டரை முழு 2.5 மெஷுக்கு மட்டும், இரண்டு யோசனைக்கும் ஒவ்வொரு தடவை, சரிபார்ப்பதற்காக எடுத்தேன். மணிக்கணக்கில் காசு. நிறைய கோர் (கணக்கைப் பிரித்துச் செய்யும் ப்ராசசர் பகுதி) எடுத்தால் அதே விகிதத்தில் வேகம் கிடைக்கும் என்று நினைக்க வேண்டாம். ஒரு கோருக்கு ஐம்பதாயிரம் கட்டத்துக்குக் கீழே பிரித்தால் கணக்கைவிடக் கோர்கள் தங்களுக்குள் பேசும் நேரம் கூடிவிடும். என் லேப்டாப்பிலேயே நான்கு கோரிலிருந்து எட்டுக்குப் போனபோது பெரிதாக ஒன்றும் வேகம் கூடவில்லை. நினைவகத்திலிருந்து எண்களை எடுத்து வரும் பாதைதான் நெரிசல். இன்னொன்று, மலைக்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது. கோப்பை ஏற்றுவது சுலபம், இறக்குவதுதான் பாடு. 65 லட்சம் கட்டத்துக்கு வேகம், அழுத்தம், கொந்தளிப்பு எல்லாம் சேர்ந்தால் ஒரு முடிவுக்கே 370 எம்பி அளவு, மெஷ் தனி. மூடுபனியில் இழுத்துக்கொண்டிருக்கும் இணையத்தில் அதை இறக்குவதைவிட, அங்கேயே படமும் பட்டியலும் எடுத்து அவற்றை மட்டும் கொண்டுவருவது மேல்.

ஏழு சதவீதத்துக்கு மேலே

1.25 சென்டிமீட்டர் போட்டுப் பார்க்கலாமா என்ற ஆசை எனக்கு வராமல் இல்லை. அந்த ஏழு சதவீதம் மூன்றாகக் குறையும். என்னை நிறுத்தியது இரண்டு விஷயங்கள்.

ஒன்று காற்று. ஃபேன் கம்பெனிகள் தரும் அழுத்த வரைபடம் பொதுவாகக் கனமீட்டருக்கு 1.2 கிலோ அடர்த்திக் காற்றுக்கு. குன்னூர் உயரத்தில், 1,850 மீட்டரில், காற்று 0.96 கிலோ அளவுதான். அதே ஃபேன், அதே சுற்று, அழுத்தம் இருபது சதவீதம் குறைவு. அச்சிட்ட வரைபடத்தை அப்படியே போட்டுவிட்டு மெஷில் ஏழு சதவீதத்தைத் துரத்துவது, கோணியில் ஓட்டை இருக்கத் தராசைத் துடைப்பதுபோல.

இன்னொன்று இலை. மாதிரியில் அது 20 சென்டிமீட்டர் கனமுள்ள, எங்கும் ஒரே தடையுள்ள பஞ்சு. டிரஃபில் அப்படியா இருக்கிறது? சாயங்காலம் லாரி வந்ததும் சாக்கைக் கவிழ்த்துக் கையால் உதறிப் பரப்புகிறார்கள். ஓர் இடத்தில் நான் ஸ்கேல் வைத்துப் பார்த்தபோது பதினைந்து, ஒரு கை தள்ளி இருபத்தைந்து. காற்று எங்கே மெல்லிசோ அங்கே போகும். 5.25 கோடி கட்டம் அந்தக் கையின் உதறலை அறியாது.

அளந்து பார்த்தோமா என்றால், பார்த்தோம். காற்றின் வேகத்தை அளக்கும், காற்றாடி வைத்த அனிமோமீட்டரை இலைமேல் பிடித்தால் விநாடிக்கு 0.2 மீட்டரில் அது சுற்றவே சுற்றாது. டீ மேக்கர் அண்ணன் தகரக் கடையில் ஒரு கூம்பு அடித்து வாங்கி வந்தார். அடி வாயின் பரப்பு மேல் வாயைப்போல நான்கு மடங்கு. இலைமேல் கவிழ்த்தால் 0.2 என்பது 0.8 ஆகும், காற்றாடி சுற்றும். கூம்பே கொஞ்சம் தடை என்பதால் எண் சற்றுக் குறைவாகத்தான் காட்டும். ஆனால் எல்லா இடத்திலும் அதே கூம்பு, ஆக இடத்துக்கு இடம் ஒப்பிடலாம். இங்கே தராசு வாதம் செல்லும். ஒரு மீட்டருக்கு ஒரு தடவை கவிழ்த்து, எண்ணை டிரஃபின் பக்கவாட்டில் சாக்பீஸால் எழுதிக்கொண்டே போனார். முதல் மூன்று மீட்டரில் குறைவு, பிறகு ஏற்றம், கடைசியில் உச்சம். வளைவின் உருவம் பொடி மெஷ் போட்டதோடு ஒத்துப்போனது. பருமெஷ் போட்டதோடு ஒத்துப்போகவில்லை.

"அப்ப பூனை நுழையாத மெஷ்தான் சரி" என்றார்.

முதலாளிக்கு நான் கொடுத்தது ஒரே பக்கம். சரிவுத் தரை போடலாம், பிளைவுட் வேண்டாம், ஏன் என்பதற்கு ஒரு படம். எட்டு டிரஃபில் ஒன்றுக்கு மட்டும் தரை போட்டாயிற்று. சாக்பீஸ் எண்களைப் பழசு அழியாமல் பக்கத்திலேயே புதுசாக எழுதுகிறார்கள். மற்ற ஏழுக்கும் இந்த மழைக்கால வாட்டத்தைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்கிறார் முதலாளி. அண்ணன் இடைக்காலமாக முதல் மூன்று மீட்டரில் இலையைக் கொஞ்சம் மெல்லிசாகப் பரப்பச் சொல்லியிருக்கிறார். அதை நான் இன்னும் எந்த மெஷிலும் ஓட்டிப் பார்க்கவில்லை.